தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கு உதவ எந்த வழி? ஐந்து வழிகளின் ஒப்பீடு

"பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடிக்கப் போவதில்லை. அந்தப் பணத்தைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எங்கே கொடுப்பது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவருக்கு, அம்மாவின் திதிக்கு வழக்கமாகச் செய்யும் அன்னதானத்தை இந்த வருடம் ஐசியூவில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவியாக மாற்ற ஆசை. மூன்றாமவர், அலுவலக நண்பர்கள் சேர்ந்து கணிசமான தொகை திரட்டியிருப்பதாகவும் வெண்டிலேட்டர் வாங்கிக் கொடுக்கலாமா என்றும் எழுதியிருந்தார்.

மூவரிடமும் மனமும் பணமும் இருக்கின்றன. எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் தடுமாற்றம். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

## அரசு ஏற்கெனவே எதைக் கொடுக்கிறது?

இது தெரியாமல் கொடுத்தால் பணம் ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் போய் விழும். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. நோயாளிக்கு அவை இலவசம். ஆகவே எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ மருந்துப் பெட்டி வாங்கிக்கொண்டு போவது பெரும்பாலும் தேவையில்லாத வேலை.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, அதுவும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். சில உயர்சிகிச்சைகளுக்குத் தனி நிதியும் உண்டு.

அப்படியானால் ஓட்டை எங்கே? காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று தொகை வரையறுத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தை அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. நான்கு நாளில் செயற்கை மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுத்துவிடலாம் என்று நினைத்தது பதினைந்து நாளாகும், நடுவில் கிருமித்தொற்று வரும். வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டிய குடும்பத்துக்கு இந்தக் காப்பீடே இல்லை. மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கும் டெலிவரி ஊழியரும் ஜவுளிக்கடை விற்பனையாளரும், வேறு காப்பீடு இல்லாவிட்டால், இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம், குழந்தை கட்டிலில் கிடக்கிற நாளெல்லாம் அப்பாவுக்குக் கூலி கிடையாது. இதை இந்தக் காப்பீடு ஈடு செய்வதில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். என் பணம் வராமல் போனால் அந்தக் குழந்தையின் சிகிச்சையில் ஏதாவது நின்றுபோகுமா? தேவைப்படும் நேரத்தில் போய்ச் சேருமா? நான் கொடுத்த பிறகு அதைத் தொடர்ந்து நடத்த வேறு யாராவது செலவழிக்க வேண்டியிருக்குமா? பணம் எங்கே போனது என்று என்னால் சரிபார்க்க முடியுமா?

முதல் கேள்விதான் மற்ற மூன்றையும்விடக் கனமானது. அதற்கு நாம் வீட்டிலிருந்தே பதில் சொல்ல முடியாது, மருத்துவமனையைத்தான் கேட்க வேண்டும்.

| வழி | சிகிச்சை நிற்காமல் காக்குமா | வேகம் | பின்னால் வரும் செலவு | சரிபார்ப்பது |
|---|---|---|---|---|
| தனிக் குழந்தைக்கான இணைய நிதி திரட்டல் | குழந்தையைப் பொறுத்தது | மிக வேகம் | குழந்தையின் படம் இணையத்தில் தங்கிவிடும் | மருத்துவமனையிடம் கேட்டால் முடியும் |
| அறக்கட்டளை மருத்துவமனையின் ஏழை நோயாளி நிதி | பெரும்பாலும் ஆம் | நிதி கையிருப்பில் இருந்தால் உடனே | குறைவு | ரசீது, ஆண்டறிக்கை |
| அரசு மருத்துவமனைக்குக் கருவி | கேட்டுக் கொடுத்தால் ஆம் | மெதுவு | மிக அதிகம் | நேரில் பார்க்கலாம் |
| பெற்றோரின் சாப்பாடு, தங்கல், பஸ் செலவு | நினைப்பதைவிட அதிகம் | அன்றன்றைக்கு | இல்லை | எளிது |
| ரத்தம், தட்டணு (பிளேட்லெட்), தாய்ப்பால் | நேரடியாக | சரியான நாளில் கொடுத்தால் உடனே | இல்லை | தேவையே இல்லை |

## தனி ஒரு குழந்தைக்காக இணையத்தில் கொடுப்பது

மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு போன்ற தளங்களில் குழந்தையின் முகமும் பெற்றோரின் வேண்டுகோளும் இருக்கும். படித்த கையோடு ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட முடிகிறது. இதன் பலம் வேகமும் வீச்சும். முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மா என்ற மரபணு மருந்துக்கு இந்தியாவில் சுமார் 16 கோடி ரூபாய் சொன்னார்கள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி மத்திய அரசு அதிகபட்சம் தருவது 50 லட்சம். நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்கச் சில குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான முகம் தெரியாத மனிதர்களின் சிறு தொகைகள் உதவியிருக்கின்றன. வேறு எந்த வழியிலும் இது நடந்திருக்காது.

ஆனால் பார்க்க வேண்டியவை உண்டு. பணம் செலுத்தும் பக்கத்தில் தளத்துக்கான 'டிப்' தொகை முன்கூட்டியே சேர்ந்திருக்கலாம். அதைக் குறைக்கலாம், எடுத்துவிடவும் செய்யலாம். தனிநபருக்குப் போகும் பணத்துக்கு வரிச்சலுகை கிடையாது. திரட்டல் முடியும் முன்பே குழந்தை வீடு திரும்பினாலோ இறந்துபோனாலோ மிச்சப் பணம் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. பக்கத்தில் பதில் இல்லாவிட்டால் கேட்டு எழுதுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. மூக்கில் குழாயும் நெஞ்சில் ஒயர்களுமாக இருக்கும் அந்தப் படம் பல வருடம் இணையத்தில் கிடக்கும். குழந்தை பிழைத்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போது வகுப்புத் தோழன் அதைத் தேடி எடுப்பான். படம் போடச் சம்மதித்த தாய்க்கு அன்றைக்கு வேறு வழி இருந்திருக்காது. கொடுக்கிற நாமாவது படம் உருக்கமாக இல்லை என்பதற்காக ஒரு வேண்டுகோளைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

இன்னொன்று: முகத்தைப் பார்த்துக் கொடுக்கும்போது கேமராவுக்கு நன்றாகத் தெரியும் குழந்தைக்குப் பணம் குவிகிறது. தளத்தில் பக்கம் திறக்கத் தெரியாத பெற்றோரின் குழந்தை பட்டியலிலேயே இல்லை.

எப்போது இதுதான் சரி: குடும்பத்தை உங்களுக்கோ உங்களுக்கு நம்பிக்கையானவருக்கோ நேரில் தெரியும்போது, காப்பீடு முடிந்துவிட்டது அல்லது பொருந்தாது என்று உறுதியாகும்போது, பணம் மருத்துவமனைக் கணக்குக்கே போகும்போது. பக்கத்தில் போட்டிருக்கும் எஸ்டிமேட் கடிதத்தை வைத்து மருத்துவமனையின் பில்லிங் பிரிவைக் கூப்பிடுங்கள். நோயாளியின் விவரத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் அந்தக் கடிதம் அவர்கள் கொடுத்ததுதானா, அந்தக் குழந்தையின் பெயரில் பணம் கட்ட முடியுமா என்பதற்குப் பதில் கிடைக்கும்.

## அறக்கட்டளை மருத்துவமனையின் ஏழை நோயாளி நிதி

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1978இல் தொடங்கிய காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கி இன்று பெரிதாக வளர்ந்திருக்கும் வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் கட்டணம் உண்டு, கட்ட முடியாதவர்களுக்குச் சலுகையும் உண்டு. அந்தச் சலுகைக்கான பணம் மருத்துவமனையின் வருமானத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வருகிறது.

பெரும்பாலோர்க்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். காரணம், யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பது குழந்தையைப் பார்க்கிறவர்கள். மருத்துவர் பரிந்துரைப்பார், மருத்துவ சமூகப் பணியாளர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார், காப்பீடு எவ்வளவு தரும் என்று கணக்குப் பார்த்து மீதிக்கு நிதியிலிருந்து எடுப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு வலிப்போடு வரும் குழந்தைக்கு டெபாசிட் கட்டச் சொல்லாமல் உள்ளே எடுக்க வேண்டுமானால் நிதி முன்பே கையிருப்பில் இருக்க வேண்டும். வேண்டுகோள் எழுதிப் பணம் திரட்டும் அவகாசம் அந்த இரவில் கிடையாது.

இதில் கொடுப்பவருக்குக் குறை என்று தோன்றுவது, தன் பணம் எந்தக் குழந்தைக்குப் போனது என்று தெரியாது என்பது. 'குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுக்கலாம், அதற்குமேல் இறுக்க வேண்டாம். 'இதய அறுவைக்கு மட்டும்', 'பெண் குழந்தைக்கு மட்டும்', 'எங்கள் மாவட்டத்துக்கு மட்டும்' என்று நிபந்தனை கூடக் கூட, கணக்கில் பணம் இருந்தும் கட்டிலில் இருக்கும் குழந்தைக்கு எடுக்க முடியாத நிலை வரும்.

நிர்வாகச் செலவுக்குப் போகும் பணம் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒப்பவில்லை. டெங்குவில் ரத்த அழுத்தம் சரியும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காப்பாற்றுவது அளந்து ஏற்றும் திரவமும், மணிக்கு மணி நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு, கைகால் சூடு எல்லாம் பார்த்து அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் செவிலியரும்தான். திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நுரையீரலில் நீர் கோர்க்கும். வெண்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு செவிலியர் முழு நேரமும் வேண்டும். அந்தச் செவிலியரின் சம்பளமும் பயிற்சியும் சிகிச்சைதான். செவிலியர் சம்பளத்துக்கென்று யாரும் நன்கொடை அனுப்புவதில்லை என்பதால் அந்த இடத்தில் பணத்துக்கு மதிப்பு அதிகம்.

வரி விஷயம்: 80ஜி என்று நாம் அறிந்த வருமான வரி விலக்கு, பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்த தொகையில் பொதுவாக 50 சதவீதத்துக்கு, மொத்த வருமானத்தை ஒட்டிய உச்சவரம்புக்குள் கிடைக்கும். அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை.

எப்போது இதுதான் சரி: உங்களுக்குக் குறிப்பிட்ட குழந்தை யாரும் மனதில் இல்லாதபோது, மாதாமாதம் கொடுக்க நினைக்கும்போது, நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும்போது.

## அரசு மருத்துவமனைக்குக் கருவி வாங்கிக் கொடுப்பது

பெயர்ப்பலகை, ரிப்பன், நாளிதழ்ப் படம் எல்லாம் இதில்தான் கிடைக்கும். நல்ல உதவியாக முடிவதும் உண்டு, மூலையில் துணி போர்த்திக் கிடப்பதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியில், நன்கொடையாக வரும் கருவிகளில் 10 முதல் 30 சதவீதம் வரைதான் சில நாடுகளில் இயங்கும் நிலைக்கு வருகின்றன என்று குறிப்பிட்டிருந்தது. நம் நாட்டிலும் கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், மத்திய அரசு அனுப்பிய வெண்டிலேட்டர்கள் சில மாநிலங்களில் பயன்படாமல் கிடப்பதாகச் செய்தி வந்து பிரதமர் தணிக்கைக்கு உத்தரவிட்டார். இயந்திரத்தோடு அதை ஓட்டும் ஆளும் உதிரிகளும் சேர்ந்து வராவிட்டால் இதுதான் நடக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். குறைமாதத்தில் பிறந்த ஒரு கிலோ குழந்தைக்கு வெண்டிலேட்டர் கொடுக்க வேண்டிய மூச்சு ஒவ்வொன்றும் ஐந்தாறு மில்லி அளவுதான். பெரியவர்களுக்கான இயந்திரங்கள் பலவற்றால் இவ்வளவு நுணுக்கமாகக் கொடுக்க முடியாது. பச்சிளங்குழந்தைக்கான சென்சார், மெல்லிய குழாய்கள் எல்லாம் தனியாக வேண்டும், அவை அடிக்கடி மாற்ற வேண்டியவை. உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யார் பணம் கட்டுவது? கொடுத்தவர் அதற்குள் மறந்திருப்பார். மருத்துவமனை வேறு எதையோ வெட்டித்தான் கட்ட வேண்டும்.

வெண்டிலேட்டர் கேட்ட நண்பர்களுக்கு என் பதில்: முதலில் டீனையோ குழந்தைகள் நலத் துறைத் தலைவரையோ பார்த்து, என்ன குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் சின்னதாக இருக்கும். மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப், குழந்தை விரலுக்குப் பொருந்தும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்புகள், மானிட்டருக்கான ஒயர்கள், பச்சிளங்குழந்தையின் உடல் சூட்டைக் காக்கும் வார்மர். சிரிஞ்ச் பம்ப் ஒன்று சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும். ஐசியூவில் இருக்கும் குழந்தை ஒன்றுக்கே இரண்டு மூன்று பம்ப் தேவைப்படும்.

எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இன்ன கருவி, இன்ன வார்டுக்கு வேண்டும் என்ற கடிதம். ஏற்கெனவே அங்கே ஓடும் நிறுவனத்தின் மாடலையே வாங்குங்கள், உதிரியும் பழகிய கையும் இருக்கும். மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தின் வழியாகக் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் ஏறும். திரட்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கு ஒதுக்கிவைப்பது நல்லது என்பது என் கணிப்பு.

எப்போது இதுதான் சரி: பலர் சேர்ந்த குழு, உள்ளூர் மருத்துவமனை, அடிக்கடி போய்ப் பார்க்கும் ஆள், இரண்டு மூன்று வருடத்துக்குப் பராமரிப்புச் செலவை ஏற்கும் உறுதி. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் வேறு வழிக்குப் போய்விடுங்கள்.

## பெற்றோரின் சாப்பாடு, தங்கல், பஸ் செலவு

இதைச் சிகிச்சைக்கு உதவி என்று யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். திருவண்ணாமலை கிராமத்திலிருந்து சென்னைக்கு மாற்றப்பட்ட குழந்தையின் தாய் ஐசியூ வாசலில் இருப்பார், தந்தை வளாகத்தில் எங்காவது துண்டை விரித்துப் படுத்திருப்பார். வீட்டில் இன்னொரு பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொண்டிருப்பார். நான்காம் நாள் கையில் காசு தீரும். மருத்துவர் 'இன்னும் ஒரு வாரம்' என்றதும் 'எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிகிச்சை இலவசம், ஆனால் அங்கே இருப்பது இலவசம் இல்லை.

புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இதைப் புரிந்து செயல்படும் அமைப்பு செயிண்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ். 2006இல் மும்பையில் தொடங்கி, சென்னை, வேலூர் உட்படப் பல ஊர்களில் குழந்தையும் பெற்றோரும் சிகிச்சைக் காலம் முழுவதும் இலவசமாகத் தங்க இடம் தருகிறார்கள். மற்ற நோய்களுக்கு இப்படி விரிந்த ஏற்பாடு குறைவு. பெரிய மருத்துவமனை வாசல்களில் உணவு கொடுக்கும் உள்ளூர்க் குழுக்களோடு சேர்ந்துகொள்ளலாம், அல்லது மருத்துவ சமூகப் பணியாளரைக் கேட்டு, ஊர் திரும்பப் பஸ் செலவும் மறுபரிசோதனைக்கு வரும் செலவும் இல்லாத குடும்பங்களுக்கு உதவலாம்.

திதிக்கு அன்னதானம் செய்ய நினைத்தவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விசேஷ நாட்களில் மருத்துவமனை வாசலில் ஐந்து வேன் சாப்பாட்டோடு நிற்கும், சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றும் இருக்காது. திதி நாளுக்கே அத்தனையும் என்றில்லாமல் அந்தப் பணத்தைச் சாதாரண நாட்களின் இரவுச் சாப்பாட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் தேவையான வயிற்றுக்குப் போகும். சமைத்த உணவை வார்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தனியாக எண்ணிக்கை கேட்டு வையுங்கள்.

## ரத்தம், தட்டணு, தாய்ப்பால்

பணமே இல்லாதவரும் கொடுக்கலாம், பணம் இருந்தாலும் விலைக்கு வாங்க முடியாது.

பிளேட்லெட் எனப்படும் தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் சேமித்து வைக்க வழியில்லை, யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டெங்கு என்றால் தட்டணு என்று வாட்ஸ்அப்பில் வேண்டுகோள் பறக்கிறது. டெங்குக் குழந்தைகளில் ரத்தக்கசிவு இல்லாத பெரும்பாலோர்க்கு அது தேவைப்படுவதில்லை. மாதக்கணக்கில் தேவைப்படுவது ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு. இயந்திரம் வழியே தட்டணுவை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு மீதி ரத்தத்தைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். குழந்தைகள் மருத்துவமனைக்கு அருகில் இருக்கும் ரத்த வங்கியில் பெயரும் ரத்த வகையும் கொடுத்துவைத்து, 'கூப்பிட்டால் வருகிறேன்' என்று சொல்லிவைப்பதுதான் நல்ல முறை. கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் குறையும், கையிருப்பும் குறையும். முழு ரத்தம் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

தாய்ப்பால் வங்கிகளை 2014இல் எழும்பூர் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறைநிலையில் சேமிக்கிறார்கள். தாயிடம் பால் இன்னும் சுரக்காத குறைமாதக் குழந்தைக்கு, பவுடர் பாலைவிட இது குடல் அழற்சி வரும் ஆபத்தைக் குறைக்கிறது. தன் குழந்தைக்குப் போக மிஞ்சும் பால் உள்ள தாய்மார்கள் வங்கியைக் கேட்டால் பரிசோதனை செய்து வாங்கிக்கொள்வார்கள். முதல் பிறந்தநாளைப் பற்றிக் கேட்டவரும் தன் வீட்டில் இதைப் பேசிப் பார்க்கலாம்.

## வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள்

சிங்கப்பூர், வளைகுடா, இங்கிலாந்திலிருந்து கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தடை உண்டு. இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதை வாங்க அந்த அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுடெல்லியில் இருக்கும் பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். சின்ன அமைப்புகள் பலவற்றுக்கு இந்தப் பதிவு இல்லை. நல்லெண்ணத்தோடு நீங்கள் அவர்களின் சாதாரணக் கணக்குக்கு அனுப்பினால் சட்டச் சிக்கலில் மாட்டுவது அவர்கள். ஆகவே அனுப்பும் முன், உங்கள் குடியுரிமையைச் சொல்லி, எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.